உகண்டாவில் உடைந்த மௌனம்

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் பத்திரிகைத் துறைக்கு வந்தபோது, வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பதே எனது பணியாக இருந்தது. எயிட்ஸ் பற்றிய செய்தி வந்தால் 'தகாத உறவு' என்ற சொல்லை யோசிக்காமலேயே எழுதிவிடுவோம். இளைஞர்களின் ஒழுக்கக்கேடே நோய்க்குக் காரணம் என்பது அச்சொல்லுக்குள் அடங்கியிருந்த தீர்ப்பு. அத்தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதை எனக்கு உணர்த்தியது உகண்டாவின் வரலாறு.

1982இல் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கசென்செரோ என்னும் மீனவக் கிராமத்தில் மக்கள் உடல் மெலிந்து இறக்கத் தொடங்கினர். தன்சானிய எல்லையை அண்டிய அக்கிராமத்தில், எல்லை கடந்து வந்த வியாபாரிகளின் சூனியமே காரணம் எனப் பலர் நம்பினர். நோய்க்கு 'ஸ்லிம்' என்று பெயரிட்டனர். இடி அமீனின் கொடுங்கோலாட்சி, 1978-79 தன்சானிய யுத்தம், அதன் பின்னரான உள்நாட்டுப் போர் ஆகியவற்றால் சிதைந்திருந்த நாடு அது. படையினரும் லொறிச் சாரதிகளும் வியாபாரிகளும் ஓயாது நடமாடிய பாதைகளில், வறுமைப்பட்ட இளம்பெண்கள் பிழைப்புக்கு வழி தேடி நின்றனர். கிருமி பரவியதும் அப்பாதைகளிலேதான்.

1986 ஜனவரியில் முசவேனி ஆட்சியைக் கைப்பற்றினார். அதே ஆண்டு கியூபாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்ட 60 படையினரில் 18 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை பிடல் காஸ்ட்ரோ அவரிடம் தெரிவித்தார். பல ஆபிரிக்க அரசுகள் நோயை மறைத்துக்கொண்டிருந்த காலத்தில் உகண்டா வெளிப்படையாகப் பேசத் தீர்மானித்தது. கட்டி வளர்க்கும் மாட்டைப்போல் வெளியே மேயாதிருங்கள் என்ற பிரசாரம் கிராமங்கள்வரை சென்றது.

எனினும் அரசின் குரலைவிட ஆழமாக மக்களைத் தொட்டவர்கள் வேறு இருவர். கணவனை எயிட்ஸுக்குப் பறிகொடுத்த நொரீன் கலீபா, 1987இல் நோயாளருக்கான ஆதரவு அமைப்பான 'டாசோ'வை உருவாக்கினார். புகழ்பெற்ற பாடகர் பிலி லுட்டாயா, 1989இல் தமக்கு எயிட்ஸ் இருப்பதைப் பகிரங்கமாக அறிவித்தார். மெலிந்த உடலோடு பாடசாலைகளிலும் தேவாலயங்களிலும் பேசிய அவர், அவ்வாண்டு டிசம்பரில் 38 வயதில் மறைந்தார். 1993இல் 'ஸ்ட்ரெயிட் டோக்' என்னும் பத்திரிகை ஆரம்பமாகி, பதின்ம வயதினரின் கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதிலளித்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளர்ந்தோரில் ஏறத்தாழ 15 சதவீதமாக இருந்த தொற்று, பத்தாண்டுகளில் 6 சதவீதமளவுக்கு இறங்கியது. ஏராளமானோர் இறந்துபோனமையும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் இளைஞர்கள் முதல் உறவைத் தாமதித்ததும், துணைகளின் எண்ணிக்கை குறைந்ததும், ஆணுறைப் பாவனை அதிகரித்ததும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. உண்மை சொல்லப்பட்டபோது இளைஞர்கள் செவிமடுத்தார்கள்.

ஆனால் அறிவுரையால் மட்டும் தீராத பகுதியும் இருந்தது. 15 முதல் 24 வயதுக்குட்பட்டோரில் ஆண்களைவிடப் பெண்களிடையே தொற்று பன்மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. பாடசாலைக் கட்டணத்துக்காகவும் உடைக்காகவும், தந்தையின் வயதையொத்த ஆண்களிடம் சிக்கிய மாணவிகள் பலர். ஆணுறை அணியுமாறு அந்த ஆணிடம் கூறும் வலிமை அச்சிறுமிக்கு ஏது? அவளது நடத்தையை 'ஆபத்தானது' எனக் கணக்கெடுப்பவர்கள், பணத்தோடு வந்தவனின் நடத்தையை அதே கண்டிப்புடன் கணக்கெடுப்பதில்லை. 2011இல் தொற்று மீண்டும் 7 சதவீதத்தைத் தாண்டியமை, பேச்சு ஓய்ந்தால் நோய் திரும்பும் என்பதற்கும் சான்று.

நமது சமூகத்திலும் பிள்ளைகளின் கேள்விகளுக்கு மௌனத்தையே பதிலாக வைத்திருக்கிறோம். பின்னர் அவர்கள் தவறினால் ஒழுக்கம் கெட்டுவிட்டது என்கிறோம். அன்று நான் எழுதிய 'தகாத உறவு' என்ற சொல்லுக்குள், கட்டணம் கட்ட முடியாது நின்ற எத்தனை மாணவிகள் இருந்தார்களோ? அச்சொல்லை நான் இப்போது எழுதுவதில்லை.