லயத்து நாய்க்கு யார் பொறுப்பு?

மாசத்துல ஒரு ஞாயிறு, மடுல்சீமையிலிருந்து முதல் பஸ் ஏறி, பதுளைப் பக்கமுள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்கு உதவிக்குப் போறோம். கூடு கழுவுறது, சோறு வைக்கிறது, சொறி பிடிச்சதுக்கு மருந்து தடவுறது, இதுதான் வேலை. முதல் நாளே ஒன்று கண்ணில் பட்டது. அங்கிருப்பவை பெரும்பாலும் பொட்டை நாய்கள். குட்டி போட்டுத் தொல்லை தரும் என்று சின்னதிலேயே சாக்கில் கட்டிச் சந்தியில் விடப்பட்டவை. எங்கள் லயங்களிலிருந்தும் அப்படிப் போயிருக்கின்றன.

வீட்டில் கேட்கிறார்கள்: "மனுசனுக்கே ஒழுகாத கூரை இல்ல, நாய்க்கு என்ன ஊழியம்?" நியாயமான கேள்விதான். பதில் தேடித்தான் வரலாற்றைப் புரட்டினோம்.

1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர், தன் வேட்டை அனுபவங்களை 1854இல் புத்தகமாக்கினார். கில்பக், ஸ்மட் என்று அவருடைய நாய்களுக்கு அதில் பெயர் உண்டு. அதே காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து வந்து, காலராவிலும் பசியிலும் விழுந்த நம்ம ஆட்களில் பெரும்பாலானோரின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை.

அப்புறம் சட்டங்கள் வந்தன. 1893இல் நீர்வெறுப்பு நோய்ச் சட்டம். தெருவில் திரியும் நாயைக் கொல்ல அது வழி செய்தது. 1901இல் நாய்ப் பதிவுச் சட்டம். 1907இல் விலங்கு வதையைத் தடுக்கும் சட்டம். அதில் உச்ச அபராதம் வெறும் 100 ரூபாய். நாய்ப் பதிவு உள்ளூராட்சி சபையின் வேலை. ஆனால் பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க, 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தடை இருந்தது. மனுசருக்கே வராத சபை லயத்து நாய்க்கா வரும்?

1964 முக்கியமான வருசம். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. தலைமன்னார்க் கப்பலுக்குப் பதுளையில் ரயில் ஏறிய குடும்பங்களின் பின்னாலேயே நாய்கள் ரோடு வரை ஓடி வந்ததை எங்கள் பாட்டிமார் இன்னும் சொல்கிறார்கள். பூட்டிய காம்பரா இஸ்தோப்பில் அவை பல நாள் படுத்துக் கிடந்தனவாம்.

அதே 1964இல்தான் சென்னையில், கேப்டன் சுந்தரம் 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று இறங்கியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆனது. 32 வருசம்!

இலங்கையில் 2006இல் தெருநாய்களைக் கொல்வது நிறுத்தப்பட்டது. 2007இல் கொழும்பில் புளூ பாவ் அறக்கட்டளை மாநகர சபையோடு சேர்ந்து தடுப்பூசியும் கருத்தடையும் தொடங்கியது. நாய்களை விட்டால் சாவு கூடும் என்று பலர் பயந்தார்கள். 1973இல் 377 பேரைக் கொன்ற நோய் இது, பயத்தில் பிழையில்லை. ஆனால் கொல்வதை நிறுத்திய பிறகும் சாவு கூடவில்லை, குறைந்தது. காப்பாற்றியது தடுப்பூசி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு எளிது: 100 நாயில் 70க்கு ஊசி போட்டால் நோய் பரவாது. எங்கள் சிக்கலும் அங்கேதான். ஊசி போட ஆள் வரும் நாளில் எல்லோரும் கொழுந்து மலையில். "இது யார் நாய்?" என்றால், "லயத்து நாய்." பத்து வீட்டுச் சோறு தின்னும், பிடித்துக் கொடுக்க ஒரு கை இருக்காது. அந்த நாய் கடித்தால் ஊசிக்குப் பதுளை வரை அலைவது நம்ம பிள்ளைதான்.

ஆக, வீட்டாருக்கு எங்கள் பதில் இது: நாய்க்குப் போடும் ஊசி பிள்ளைக்கும் காவல். கூரைக்காகக் கேட்பதையும் நிறுத்தப் போவதில்லை. காப்பகம் மட்டும் போதாது, அங்கே ஏற்கெனவே இடமில்லை. அதனால் ஒரு கொப்பி போட்டிருக்கிறோம். லயம் லயமாக நாயின் பெயர், ஊசி போட்ட தேதி, பிடித்துக் கொடுப்பவர் பெயர் எழுதுகிறோம். உங்கள் டிவிஷனிலும் ஒரு கொப்பி தொடங்குங்கள். முதலில் பொட்டைக்குட்டிகளின் பெயரை எழுதுங்கள்.