கடையத்துப் பலகையில் ஓர் அரைப் புள்ளி

கடையத்துப் பள்ளி மாணவர் ஒருவர் சதுரங்க அணிப் போட்டியில் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அணிக்கு நால்வர். மற்ற மூவரின் ஆட்டம் முடிந்து, அணி 2-1 என முன்னணியில் இருக்கிறது. இவர் பலகையில் சிக்கலான நிலை. எதிரி, "சமநிலையாக வைத்துக்கொள்வோமா?" என்கிறார். நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள்?

விடைக்கு முன் இவர் ஆட்டத்தைத் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். நடுக்காலாட்களை இவர் தொடவில்லை. குதிரையை வெளியே எடுத்தார். ஓரமாக ஒரு காலாளை ஒரே கட்டம் நகர்த்தி, அந்த இடைவெளியில் மந்திரியை நிறுத்தினார். அங்கிருந்து அது மூலைவிட்டமாகப் பலகை முழுவதையும் கண்காணிக்கும்.

1924-இல் நியூயார்க்கில் ரெட்டி என்ற வீரர் இரு மந்திரிகளையும் இப்படி ஓரங்களில் நிறுத்தி, எட்டு ஆண்டுகள் தோல்வியே காணாத உலக வீரர் கபபிளாங்காவை வென்றார். உலகமே வியந்தது. புத்தம் புதிய முறை என்றார்கள். ஆனால் அது அவ்வளவு புதிதா?

1848 வாக்கில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற பாரிஸ்டர் இருந்தார், வலுவான ஆட்டக்காரர். நாட்டுப்புறத்தில் தோல்வியறியாத ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கல்கத்தா சதுரங்க மன்றத்து உறுப்பினர் ஒருவர் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். அவரே மகேஷ்சந்திர பானர்ஜி. இருவரும் ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் காக்ரேன் குறித்து வைத்தார். நல்ல வேளை! இல்லாவிட்டால் பானர்ஜியின் பெயரே நமக்குத் தெரிந்திராது. கறுப்புக் காய்களுடன் அவர் மந்திரியை ஓரத்தில் நிறுத்துவது வழக்கம். பிற்காலத்தில் 'இந்தியத் தடுப்பு' என்று பெயர் பெற்றவை இவ்வகை ஆட்டங்களே. வெள்ளைக் காய்களுடன் ஆடினால் அதுவே நம் கடையத்து மாணவரின் தொடக்கம்.

காரணம் எளிது. நம் நாட்டு முறையில் காலாள் முதல் முறையும் ஒரே கட்டம்தான் நகரும். ஐரோப்பிய முறையில் இரண்டு கட்டம் பாயலாம். நடுவை விரைந்து பிடிக்க முடியாதவன், தூரத்திலிருந்து தாக்கத்தானே கற்றுக்கொள்வான்?

இனி அந்த அரைப் புள்ளி. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடின் பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக நம் இரண்டாம் அணியின் குகேஷ், வெல்லும் நிலையிலிருந்து தவறித் தோற்றார். பந்தயம் 2-2 ஆயிற்று. அந்த ஆட்டம் சமனாகியிருந்தால் நமக்கு 2½-1½. உஸ்பெகிஸ்தான் தங்கம் பெற்றது. நம் இரண்டாம் அணிக்கு வெண்கலம். 2024-இல் புடாபெஸ்டில் அதே எதிரியுடன் நான்கு பலகைகளும் சமநிலை. பதினொரு சுற்றில் இந்திய அணி வெல்லாத பந்தயம் அது ஒன்றே, தங்கம் நமக்கே!

கடையத்து மாணவர் கணக்குப் போடுகிறார்: இரண்டும் அரையும் இரண்டரை. எதிரியின் கையைக் குலுக்குகிறார்.