பாரிஸ்ல இப்ப மணி என்ன?

ரெட்டியார்பாளையத்துல எங்க ஆயா இருந்த காலத்துல, ஞாயிற்றுக்கிழமைன்னா சாயங்காலம் அஞ்சரைக்கு பாரிஸ்லேர்ந்து சித்தப்பா போன் வரும். அங்கே மதியம் ரெண்டு. ஆயா அஞ்சு மணிக்கே போன் பக்கத்துல உட்கார்ந்துடும். அக்டோபர் கடைசி ஞாயிறு மட்டும் அஞ்சரை தாண்டியும் மணி அடிக்காது. "எம்புள்ளைக்கு என்ன ஆச்சோ"ன்னு புலம்பல். ஆறரைக்கு அடிக்கும். வருஷா வருஷம் இதே கூத்து. காலண்டர்ல குறிச்சு வைக்க வீட்டுல ஒருத்தருக்கும் தோணலை!

கோடையில மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்துல நாலரை. சூரியனைக் கேட்டா ரெண்டுமே தப்பு. புதுச்சேரிக்கும் பாரிஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 77.5 பாகை. பாகைக்கு 4 நிமிஷம்னு போட்டா 5 மணி 10 நிமிஷம் வருது. அப்ப மிச்ச நேரம் எங்க போச்சு? தேட ஆரம்பிச்சேன், சுவாரசியமா இழுத்துக்கிட்டுப் போச்சு.

1900-ல இந்தக் குழப்பம் இல்லை. நம்ம பக்கம் ரயில் ஓடினது மெட்ராஸ் நேரப்படி, அதாவது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னால. பிரான்சுக்கு பாரிஸ் நேரம், கிரீன்விச்சைவிட 9 நிமிஷம் 21 விநாடி முன்னால. கழிச்சுப் பாருங்க, சூரியக் கணக்குக்கு ரெண்டு நிமிஷம்தான் கூட வரும்.

1906-ல இந்தியாவுக்கு ஐந்தரை மணிக் கணக்கு வந்தது. பிரான்சுக்கோ கிரீன்விச்னாலே வேப்பங்காய். 1884 வாஷிங்டன் மாநாட்டுலயே ஓட்டுப் போடாம ஒதுங்கினவங்க. 1911-ல வேற வழியில்லாம ஏத்துக்கிட்டாங்க. அப்பவும் சட்டத்துல கிரீன்விச்ங்கிற பேரே கிடையாது! 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது'ன்னு எழுதி வச்சாங்க. மானம் காத்தாச்சு :-)

அப்புறம் வந்தது 1940 ஜூன். ஜெர்மன் படை பாரிஸுக்குள்ள நுழைஞ்சதும் கடிகாரங்களை பெர்லின் நேரத்துக்குத் திருப்பிட்டாங்க. அதே வருஷம் புதுச்சேரி ஆளுநர் லூயி போன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். காலனி விடுதலை பிரான்சோட நிக்குது, தலைநகரம் எதிரியோட நேரத்துல முழிக்குது! போர் முடிஞ்சு ஜெர்மன்காரன் போயிட்டான், நேரம் போகலை. குளிர்காலத்துல நாலரையா இருக்கறது அதனாலதான். இல்லேன்னா இன்னிக்கும் ஐந்தரை.

ஆயாவை உட்கார வச்ச அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேற கதை. 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1976-ல பிரான்ஸ் கோடை நேரம் கொண்டுவந்தது. மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. இதை நிறுத்திடலாம்னு 2019-ல ஐரோப்பிய நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டது. உறுப்பு நாடுகள் ஒத்துவரலை, இன்னும் திருப்பிக்கிட்டுதான் இருக்காங்க.