சாவா மூவாப் பேராடு

தங்கவயலை அடுத்த கோலார் நகரைச் சோழர் கல்வெட்டுகள் குவளாலம் என்று கூறும். அங்குள்ள கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளை நாம் இன்றும் காணலாம்.

சோழர் காலத்தில் கோயில் விளக்கிற்கு ஆடுகளை அறமாக விடுதல் வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தாவிளக்கு ஒன்றிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இத்தகைய ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகாதா? மூப்படையாதா? கழிந்தவற்றின் இடத்தைக் குட்டிகளால் நிரப்பி, தொகை குறையாமல் இடையர் குடும்பம் காத்தல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து நம் முன்னோர் உழைத்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. பொன் குட்டி ஈனாது. மந்தையோ பேணுவார் உள்ளவரை தழைக்கும். நம் மொழியும் அவ்வாறே. வீடுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போமாக.