கனடா - ஐக்கிய அமெரிக்கா காகித வணிகம்

கனடா - ஐக்கிய அமெரிக்கா காகித வணிகம் என்பது இவ்விரு நாடுகளுக்கும் இடையே நடைபெறும் காகிதம், காகித அட்டை ஆகியவற்றின் ஏற்றுமதி, இறக்குமதியைக் குறிக்கும். பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் இப்பொருட்கள் 48 ஆம் அத்தியாயத்தில் அடங்குகின்றன. வணிகம் இருவழிப்பட்டதே எனினும், இதன் வரலாறு பெரும்பாலும் ஒரே பொருளின் வரலாறாகும். அது நாளிதழ்கள் அச்சிடப்படும் மலிவான நாளிதழ்க் காகிதம். தமிழ்நாட்டு அச்சகங்களில் இது நியூஸ்பிரிண்ட் என்றே வழங்குகிறது.

வரலாறு

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கந்தல் துணிக்குப் பதிலாக மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பரவியது. இதற்கு நீண்ட நாரும் குறைந்த பிசினும் கொண்ட ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் மிகவும் ஏற்றது. அமெரிக்காவின் வடகிழக்கு ஆலைகள் தம் காடுகள் குறையக் குறைய, கனடாவிலிருந்து மரக்கட்டைகளை வாங்கத் தொடங்கின. கட்டை எல்லை தாண்டினால் வேலையும் தாண்டிவிடும் என்பதை உணர்ந்த ஒன்ராறியோ மாகாணம், அரசு நிலங்களில் வெட்டப்படும் கூழ்மரம் உள்நாட்டிலேயே கூழாக்கப்பட வேண்டும் என்று 1900 இல் விதித்தது. 1910 இல் கியூபெக் மாகாணமும் இதே வழியைப் பின்பற்றியது. இம்மாகாணங்களில் காடுகளின் பெரும்பகுதி அரசுக்கு உரியது என்பதால் இவ்விதி வலுவாகச் செயற்பட்டது.

அமெரிக்காவில் ஆலை முதலாளிகள் இறக்குமதி வரியைக் காக்க விரும்பினர். நாளிதழ் உரிமையாளர்களோ அதை நீக்கக் கோரினர். 1911 இல் இரு நாடுகளும் ஒரு வணிக உடன்பாட்டை எட்டின. அவ்வாண்டுத் தேர்தலில் கனடியப் பிரதமர் வில்பிரிட் லோரியே தோற்றதால் உடன்பாடு கைவிடப்பட்டது. ஆயினும் அமெரிக்கச் சட்டத்தில் கூழ், காகிதம் பற்றிய பிரிவு மட்டும் கனடாவின் ஒப்புதலை எதிர்பாராமல் நடைமுறைக்கு வந்தது. 1913 ஆம் ஆண்டின் அண்டர்வுட் சட்டம் மலிவான நாளிதழ்க் காகிதத்தின் மீதான வரியை முற்றிலும் நீக்கியது. கனடா எதையும் விட்டுக்கொடுக்காமலே சந்தை திறந்தது.

இவ்வரி நீக்கத்துக்கு நீண்டகால விளைவு ஒன்று உண்டு. உயர்தரக் காகிதங்கள் மீதான வரி தொடர்ந்ததால், கனடாவின் ஏற்றுமதி ஆலைகள் நாளிதழ்க் காகிதம் ஒன்றையே பெருமளவில் உற்பத்தி செய்தன. 1926 இல் இதன் உற்பத்தியில் கனடா அமெரிக்காவை விஞ்சியது. பிற காகிதங்கள் மீதான வரிகள், 1989 இல் நடைமுறைக்கு வந்த இருநாட்டுத் தடையற்ற வணிக உடன்பாட்டின் பின்னரே படிப்படியாக நீங்கின.

ஆலை நகரங்கள்

சில அமெரிக்க நாளிதழ்கள் கனடாவில் தாமே ஆலை அமைத்தன. சிகாகோ டிரிபியூன் ஒன்ராறியோவின் தோரோல்டில் 1913 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் 1930களில் கியூபெக்கின் பே-கோமோ நகரையும் ஆலையையும் உருவாக்கியது. நியூயார்க் டைம்ஸ் கபுஸ்கேசிங் ஆலையில் பங்கு கொண்டிருந்தது. மேற்கூறிய தடையற்ற வணிக உடன்பாட்டில் கையெழுத்திட்ட பிரதமர் பிரையன் மல்ரோனி, பே-கோமோ ஆலையில் பணிபுரிந்த மின்பணியாளர் ஒருவரின் மகன் என்பது குறிப்பிடத்தக்கது.

இணையத்தின் வரவால் 2000க்குப் பின்னர் நாளிதழ்க் காகிதத்தின் தேவை தொடர்ந்து சரிந்தது. ஒரே பொருளை நம்பிய நகரங்கள் இதனால் மிகவும் பாதிக்கப்பட்டன. அபிட்டிபிபோவாட்டர் நிறுவனம் கிராண்ட் ஃபால்ஸ் ஆலையை மூட முடிவெடுத்தபோது, நியூபவுண்ட்லாந்து அரசு அதன் மர, நீர் உரிமைகளை 2008 டிசம்பரில் கையகப்படுத்தியது. நிறுவனம் அமெரிக்காவில் பதிவு பெற்றிருந்ததால் வட அமெரிக்க தடையற்ற வணிக உடன்பாட்டின் கீழ் இழப்பீடு கோரியது. 2010 இல் கனடிய நடுவண் அரசு 13 கோடி கனடிய டாலர் வழங்க இசைந்தது. பே-கோமோ ஆலையின் உற்பத்தி 2020 இல் நின்றது.

2017 - 2018 வரிப் பூசல்

வாசிங்டன் மாநிலத்தின் நார்பேக் என்ற ஆலை, கனடியக் காகிதம் அரசு மானியத்துடனும் அடக்க விலைக்குக் குறைவாகவும் விற்கப்படுவதாக 2017 ஆகஸ்டில் முறையிட்டது. அமெரிக்க வணிகத்துறை 2018 தொடக்கத்தில் இடைக்கால வரிகளை விதித்தது. காகித விலை ஏறியதால் உள்ளூர் நாளிதழ்கள் பக்கங்களைக் குறைத்தன. தம்பா பே டைம்ஸ் சுமார் 50 பேரைப் பணிநீக்கம் செய்தது. பாதுகாக்கப்பட வேண்டியதாகச் சொல்லப்பட்ட தொழிலின் வாடிக்கையாளர்களே இதனால் மெலிந்தனர் எனலாம். பிற அமெரிக்க உற்பத்தியாளர்கள் பலரும்கூட இவ்வரியை ஆதரிக்கவில்லை. 2018 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம், உள்நாட்டுத் தொழிலுக்குக் கேடு விளையவில்லை என 5-0 என்ற வாக்கில் முடிவு செய்தது. வரிகள் நீங்கின.

2025 மார்ச்சில் கனடியப் பொருட்கள் மீது 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டபோது, அமெரிக்கா - மெக்சிகோ - கனடா உடன்பாட்டின் விதிகளுக்கு இணங்கிய பொருட்களுக்குச் சில நாட்களிலேயே விலக்கு அளிக்கப்பட்டது. மரம் முதல் தாள் வரை கனடாவிலேயே உருவாகும் காகிதம் இவ்விதிகளுக்கு எளிதில் இணங்கும்.

காகித அட்டை

பெட்டி செய்யும் அட்டையும் பிற காகித வகைகளும் இரு திசைகளிலும் செல்கின்றன. அமெரிக்கக் காகிதம், அட்டை ஆகியவற்றை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் கனடாவும் ஒன்றாகும்.