'என்ப' என்னும் சொல்லும் சின்னமனூர்ச் செப்பேடும்

தொல்லாசிரியர் தாம் கூறும் பொருளைத் தமதாக்கிக் கொள்ளாது, முன்னோர்மேல் ஏற்றிக் கூறுங்கால் வழங்கிய சொற்களுள் 'என்ப' என்பது ஒன்று. தொல்காப்பியத்து முதற் சூத்திரத்திலேயே இது காணப்படும். 'என்று சொல்லுவர்' எனப் பொருள்படும் இப் பலர்பால் வினைமுற்றுக்கு எழுவாய் பெரும்பாலும் வெளிப்படாது நிற்கும். உரைகாரர் 'புலவர்', 'அறிந்தோர்' என வருவித்து உரைப்பர். பெயர் கூறாவிடினும் கடன் கூறப்பட்டமையின், இது பிறர் பொருளைக் கவர்தல் ஆகாது.

ஆயினும் 'என்ப' என்றதனானே கூற்று மெய்யாகிவிடாது. திருக்குறளில் குழலும் யாழும் இனியவெனக் கூறுவார், தம் மக்கள் மழலை கேளாதவரே. அங்கு அச்சொல் அறியாதார் கூற்றைச் சுட்டிற்று. ஆகலின் இச்சொல்லின் வலி அதன் எழுவாயைப் பொறுத்ததாம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாறு எழுதுவார் இதனை மறத்தலாகாது. பூலாநந்தீசுவரர் எழுந்தருளிய சின்னமனூரிற் கிடைத்த பெரிய செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிங்க பாண்டியனுடையது. பண்டைப் பாண்டியர் மதுரையிற் சங்கம் நிறுவியதையும், பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் அது கூறுகின்றது. அவ்வரசர் பெயரையோ பாடிய புலவர் பெயரையோ அவ்விடத்துக் கூறிற்றில்லை. அகநானூறு, புறநானூறு முதலிய 5 தொகைநூல்கட்குக் கடவுள் வாழ்த்துரைத்த பாரதம் பாடிய பெருந்தேவனாரே அப்புலவர் எனக் கொள்வது பிற்காலத்தார் கருத்து. 9ஆம் நூற்றாண்டிற் பாரத வெண்பாப் பாடியவரும் அப்பெயரினரே. ஆதலின் பெயரொற்றுமை ஒன்றே துணிபுக்குப் போதாது.

சிவஞானசித்தியார் காண்டல், கருதல், உரை என அளவைகளை மூன்றில் அடக்கிற்று. ஏட்டிலுள்ள எழுத்துக் காண்டற்குரியது. முன்னோர் செயல்பற்றி அவ்வேடு கூறுவது பிறர்வாய்க் கேட்ட உரை. பெருந்தேவனாரை அதனோடு இயைத்தல் கருதல். இம்மூன்றனையும் 'என்ப' என்னும் ஒரு சொல்லான் மூடிவிடின், கருதியது கண்டதாகத் தோன்றும். அடுத்து எழுதுவார் அதனையே சான்றாக எடுத்தாளுவர். தலவரலாறுகளிற் பிழை பெருகும் வழி இதுவே.

தலத்தின் பெருமை இறைவன் எழுந்தருளியிருத்தலான் அமைவது. அதற்குப் பொய்ச்சான்று வேண்டா. ஆகவே 'என்ப' என எழுதுவார், 'யார்?' என வினவுவார்க்கு விடை பகரும் ஆயத்தத்தோடு எழுதுக. கல்லோ, செப்போ, புராணமோ, ஊரார் வாய்மொழியோ, தம் கருத்தோ, அதனை அதுவாகவே கூறுதல் முன்னோர்க்குச் செய்யும் வழிபாடுமாம்.

திருச்சிற்றம்பலம்.