மடைநீரும் மழலை இதயமும்

குடகனாற்றை ஒட்டிய திண்டுக்கல் சமவெளியில் குளத்து மடையைத் திறந்துவிடும் ஒருவருக்குக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனினும், பாயும் நீரின் அளவு இரண்டைப் பொறுத்தது என்பதை அவர் அறிவார்: மடைவாயின் அகலம் ஒன்று, மடைக்குப் பின்னே நிற்கும் நீரின் உயரம் மற்றொன்று. இந்த அறிவை இத்தாலியரான டாரிசெல்லி 1644-இல் விதியாக எழுதினார். அதே துளைவழியே இருமடங்கு நீர் பாய வேண்டுமானால், பின்னே நிற்கும் நீர் நான்கு மடங்கு உயர வேண்டும். முந்நூறு ஆண்டுகள் கழித்து, குழந்தைகளின் இதயத்தை அளக்க மருத்துவம் கைக்கொண்டது இந்த மடைக்கணக்கைத்தான்.

இதயத்தின் இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வு ஒருவழி மடை. சிறுவயதில் வரும் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது மூட்டுகளை வருத்திவிட்டு நீங்கிவிடும். வால்விலோ தழும்பை விட்டுச் செல்லும். இதழ்கள் ஒட்டிச் சுருங்க, வாய் குறுகும். ரத்தம் தேங்கி, அதன் அழுத்தம் நுரையீரலைத் தாக்கும். 1948-இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும் துடிக்கும் இதயத்துள் கருவி செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரித்தனர். அப்போது ஒரு கேள்வி எழுந்தது. மார்பைத் திறக்குமுன், வால்வு எவ்வளவு குறுகியிருக்கிறது என்று எப்படி அறிவது?

விடை 1951-இல் வந்தது. பாஸ்டன் நகரின் இளம் மருத்துவர் ரிச்சர்ட் கோர்லினும் பொறியாளரான அவருடைய தந்தையும் இணைந்து எழுதிய கட்டுரை அது. வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பாயும் ரத்தத்தின் அளவை, இருபுற அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தாலும் ஒரு மாறிலியாலும் வகுத்தால் வால்வின் பரப்பு கிடைக்கும். டாரிசெல்லியின் மடைதான் இது. நீருக்குப் பதில் ரத்தம். ஆனால் அந்த மாறிலி ஒரு சில நோயாளிகளின் அளவுகளைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இக்கணக்குக்கு வேறொரு முகம் இருந்தது. மேலைநாடுகளில் இந்த வால்வுச் சுருக்கம் பெரும்பாலும் நடுவயதினரின் நோய். டெல்லியில் சுஜாய் ராயும் அவர் குழுவினரும் 1963-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, இங்கே சிறுவயதினரிடமே அது கடுமையாகக் காணப்படுவதை உலகுக்கு அறிவித்தது.

பெரியவர்க்கென எழுந்த எண் குழந்தைக்கு அப்படியே பொருந்துமா? வால்வின் பரப்பு 0.8 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உடற்பரப்பு 1.6 சதுர மீட்டர் உள்ள பெரியவருக்கு, உடலின் ஒரு சதுர மீட்டருக்கு 0.5 சதுர செ.மீ. தான் கிடைக்கிறது. உடற்பரப்பு 0.8 சதுர மீட்டர் உள்ள குழந்தைக்கோ ஒன்று கிடைக்கிறது. எண் ஒன்றுதான், நோய் ஒன்றல்ல. மேலும், படுக்கையில் அசையாது கிடக்கும் குழந்தையை அளக்கிறோம். குழந்தையோ ஓடி விளையாடப் பிறந்தது. ஓடும்போது ரத்த ஓட்டம் இருமடங்கானால் அழுத்த வேறுபாடு நான்கு மடங்காகும்: 5 மி.மீ. பாதரசம் 20 ஆகிவிடும். போதாததற்கு, நாடி விரைய விரைய வால்வு திறந்திருக்கும் நேரமும் குறைகிறது. படுக்கையில் நலமாகத் தெரிந்த பிள்ளை பள்ளி மைதானத்தில் மூச்சிரைத்து நிற்பதன் காரணம் இதுவே.

அழுத்தத்தை அளக்க, இதயத்துள் குழாய் செலுத்த வேண்டியிருந்தது. சிறு பிள்ளைகளுக்கு அது பெரும் துன்பம். நார்வேயின் லிவ் ஹாட்லேயும் அவருடன் பணியாற்றியோரும் 1978-இல் மற்றொரு வழியைக் காட்டினர். மீயொலியால் ரத்தத்தின் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் அழுத்த வேறுபாடு வந்துவிடும். வினாடிக்கு 2 மீட்டர் வேகமென்றால் 16 மி.மீ. பாதரசம். டானியல் பெர்னோலி 1738-இல் வெளியிட்ட நீரியல் நூலின் சமன்பாடுதான் இதன் வேர். அவரும் மருத்துவம் பயின்றவரே.

அளந்தபின் செய்வதென்ன? 1985-இல் ஜேம்ஸ் லாக்கும் டெல்லி மருத்துவர்களும் மார்பைத் திறக்காமல், பலூனால் இளம் நோயாளிகளின் வால்வை விரித்த அனுபவத்தை வெளியிட்டனர். சிதைந்த வால்வை மாற்றியே தீரவேண்டியவர்க்கு, திருவனந்தபுரத்தில் வலியத்தானின் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பர் 6-இல் முதன்முறையாகப் பொருத்தப்பட்டது. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயத்தில் அது ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் முறை திறந்து மூட வேண்டும். முன்மாதிரிகள் சில தோற்ற பின்பே தாக்குப்பிடிக்கும் பொருள்கள் வாய்த்தன.

ஆயினும் உலோக வால்வு வளராது, குழந்தை வளரும். அதைப் பொருத்தியபின் ரத்தம் உறையாதிருக்க வாழ்நாளெல்லாம் மருந்து வேண்டும். எனவேதான் பிள்ளைகளுக்கு, இயன்றவரை சொந்த வால்வையே காப்பதும், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை பென்சிலின் ஊசியால் காய்ச்சல் மீளாமல் தடுப்பதும் முதன்மை பெறுகின்றன.

இன்று ஒரு குழந்தையின் ஸ்கேன் படங்களிலிருந்து அக்குழந்தையின் இதயத்தையே கணினியில் கட்டி, ஓய்விலும் ஓட்டத்திலும் அது எப்படி இயங்கும் என்று ஆராய்கிறார்கள். கோர்லின் தந்தையும் மகனும் தொடங்கிய பணியின் நீட்சி அது. மடையின் அகலத்தை ஒருமுறை அளந்தால் போதும். வளரும் பிள்ளையின் இதயத்தையோ, அதன் உயரமும் எடையும் கூடக்கூட, மீண்டும் மீண்டும் அளந்தாக வேண்டும்.